நாலு மெழுகுவத்தியில் ஏன் ஒன்று மட்டும்?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் ராத்திரி பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததாகச் சொன்னார்கள். கடந்தது என்பது பேச்சுக்குத்தான். அது ஊர்த் தலைமேல் ஏறி அங்கேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை கணக்குப் பார்த்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்குச் சாயங்காலமே கரண்ட் போய்விட்டது.

அன்று ஏழு மணி வாக்கில் எதிர்வீட்டுப் பெண் குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். பவர் பேங்க் இருக்கிறதா என்று கேட்க வந்தவள், கூடத்து மேசையைப் பார்த்து நின்றுவிட்டாள். பித்தளைத் தாம்பாளம். அதில் சவுக்குக் கிளையை வளைத்து நூலால் கட்டிய வளையம். வளையத்தில் நாலு மெழுகுவத்தி, மூன்று ஊதா, ஒன்று ரோஸ். எரிந்துகொண்டிருந்தது ஒரே ஒரு ஊதா.

"நாலு இருக்கேக்கா. இந்த இருட்டுல ஒண்ணை மட்டும் ஏத்தி வெச்சிருக்கீங்க. மெழுகுவத்தி அவ்ளோ விலையா?"

அம்மா சிரித்துவிட்டார். "மத்த மூணையும் இன்னிக்கு ஏத்தக் கூடாதும்மா. அதுக்கு நாள் இருக்கு."

"கிறிஸ்மஸ் இருபத்தஞ்சாம் தேதிதானே?" என்று கேட்டாள். அதற்குள் மாடியில் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு விழுந்த சத்தத்தில் பேச்சு அதோடு நின்றுபோனது.

தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்த பிறகு அவள் கேட்டதற்குத் துண்டு துண்டாகப் பதில் சொன்னேன். எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் பத்து வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுத்திருக்கிறேன். இருந்தும் 'ஏன் ஒன்று மட்டும்?' என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கிறிஸ்தவராகவே பிறந்தும் யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லாதவர்களும் அதில் உண்டு.

கிறிஸ்மஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் சேர்ந்த காலத்துக்குத் திருவருகைக் காலம் என்று பெயர். 'அத்வெந்துஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வருகை என்று அர்த்தம். லுத்தரன், சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டண்டு சபைக்காரர்கள் அட்வெந்து என்றே சொல்வதைக் கேட்டிருக்கலாம். கணக்கு இதுதான்: நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள் (எங்கள் பாட்டி காலத்தில் பெலவேந்திரர்). அந்தத் தேதிக்கு மிக அருகில் எந்த ஞாயிறு வருகிறதோ அதுதான் முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27க்கு முன்னால் வராது, டிசம்பர் 3க்குப் பின்னாலும் போகாது. அந்த வருஷம் டிசம்பர் 1. ஞாயிறு என்பது கோயில் கணக்கில் சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடும். அதனால்தான் புயல் ராத்திரியில் எங்கள் மேசையில் முதல் மெழுகுவத்தி எரிந்தது.

இன்னொன்றும் சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள். திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு தொடங்குவது இந்த முதல் ஞாயிற்றில்தான், ஜனவரி 1இல் இல்லை. பட்டாசு கிடையாது, கேக் கிடையாது, 'ஹேப்பி நியூ இயர்' கிடையாது. சாமியார் ஊதா நிற உடுப்பில் வருவார். ஞாயிற்றுப் பூசையில் வழக்கமாகப் பாடும் 'உன்னதங்களிலே' கீதத்தை நிறுத்திவைப்பார்கள். கிறிஸ்மஸ் ராத்திரி சம்மனசுகள் (வானதூதர்கள்) பாடிய பாட்டு அது. அன்றைக்குப் புதிதாகக் கேட்கட்டும் என்று மூடிவைப்பது. குடில் கட்டினாலும் குழந்தை இயேசுவைக் கிடத்துகிற முன்னணை காலியாகத்தான் இருக்கும். குழந்தை சுரூபம் 24ஆம் தேதி நள்ளிரவில்தான் வரும். மூன்றாவது ஞாயிறு மட்டும் ரோஸ். பாதிக்கு மேல் வந்துவிட்டோம், கொஞ்சம் சிரிக்கலாம் என்று அனுமதி கொடுக்கிற ஞாயிறு.

ஊர் வழக்கம் வேறு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் பிறந்ததும் வாசலில் ஸ்டார் ஏறிவிடுகிறது. டிசம்பர் 8 ஜென்மராக்கினி மாதா கோயில் திருநாள், மிஷன் வீதியில் கால் வைக்க இடமிருக்காது. அப்புறம் கேரல் ரவுண்ட்ஸ், அதிரசத்துக்குப் பாகு, தையல்காரரிடம் நடை. நானும் ஸ்டார் கட்டுகிறவள்தான். ஆனால் பந்திக்கு முன்னாலேயே பலகாரத்தைத் தின்றுவிட்டு இலையில் உட்காருகிற மாதிரி ஆகிவிடுகிறது நம் கிறிஸ்மஸ். அந்தப் பசியைக் காப்பாற்றிவைக்கத்தான் இந்த நாலு வாரம்.

வளையத்தின் கதை பழசில்லை, ஜெர்மனிக் கதை. ஹாம்பர்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர் 1839இல் செய்தது. 'கிறிஸ்மஸ் எப்போ, கிறிஸ்மஸ் எப்போ' என்று பிள்ளைகள் துளைத்தெடுத்தார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாளுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவத்தி, ஞாயிற்றுக்குப் பெரிய வெள்ளை என்று நட்டு, நாளுக்கொன்றாக ஏற்றினார். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் புரிகிற நாட்காட்டி. சின்னவை கழிந்து, நாலு பெரியவை மட்டும் இப்போது வீட்டுக்கு வீடு மிஞ்சியிருக்கின்றன. ஆக, அவள் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இது. அது விளக்கு மாதிரி இருந்தாலும் வேலை கடிகாரத்தின் வேலை. நாலையும் ஒரே நாளில் ஏற்றுவது காலண்டரை மொத்தமாகக் கிழித்துப் போடுகிற மாதிரி.

(அன்றைக்கு அடுப்படிக்குச் சாதா மெழுகுவத்தி ரெண்டு தனியாக ஏற்றியிருந்தோம். விரதத்துக்காக யாரும் இருட்டில் ரசம் வைக்கவில்லை.)

டிசம்பரில் ஹாம்பர்க்கில் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நமக்கு ஐந்தே முக்கால் வரைக்கும் வெயில் உண்டு. 'இருள் சூழ்ந்த காலம்' என்று அவர்கள் பாடுவதை நாம் அப்படியே பாடினால் ஒட்டாது என்று எனக்கு ஒரு காலத்தில் தோன்றியதுண்டு. இந்தக் கரையில் கொஞ்ச வருஷம் இருந்தால் அந்த நினைப்பு மாறிவிடும். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் புகுந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, பல கிராமங்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2015இல் கடலூர் வெள்ளம். ஃபெஞ்சலுக்கு அப்புறம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. நம் திருவருகைக் காலம் கார்த்திகைக் கடைசியிலும் மார்கழித் தொடக்கத்திலும் விழுகிறது. நம் இருட்டு மழையோடு வருகிற இருட்டு.

"நாங்களும் கார்த்திகைக்கு அகல் ஏத்துறோமேக்கா" என்றாள். ஆமாம், எங்கள் தெருவே அன்றைக்கு அழகாக இருக்கும். ஒளியைக் கொண்டாட யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வளையத்தில் வித்தியாசம், எரியாமல் நிற்கிற மூன்றும்தான். அவையும் தட்டில் இருக்க வேண்டும், கண்ணில் பட வேண்டும்.

*எந்த நம்பிக்கை?*

முதல் மெழுகுவத்திக்கு 'எதிர்நோக்கு' என்று பெயர் சொல்வது வழக்கம். அடுத்தவை அமைதி, மகிழ்ச்சி, அன்பு. பெயர்களும் வரிசையும் இடத்துக்கு இடம் மாறும், அதில் சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் எதிர்நோக்கு என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தில் நிலைத்து நிற்பவை மூன்று என்று வருகிறது. புராட்டஸ்டண்டு வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர் இப்போது வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. கவனித்தீர்களா? ஒரே 'நம்பிக்கை' அங்கே இரண்டாவது, இங்கே முதலாவது. என் கல்யாணத்துக்குப் பிறகு இது எங்கள் வீட்டிலேயே குழப்பம். கணவர் வீட்டார் கடலூரில் லுத்தரன் சபை. அவர்கள் 'நம்பிக்கையோடு இரு' என்றால் நாளையை நினைத்துச் சொல்கிறார்கள். எங்கள் சாமியார் 'நம்பிக்கையோடு இரு' என்றால் கடவுளை நம்பச் சொல்கிறார்.

கத்தோலிக்கர் எதிர்நோக்கு என்று தனிச் சொல் எடுத்துக்கொண்டது முதலில் எனக்குச் செயற்கையாகத்தான் பட்டது. 2025இல் கத்தோலிக்கத் திருச்சபை கொண்டாடிய யூபிலி என்ற புனித ஆண்டுக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பெயர் வைத்து, பேனர் பேனராகக் கட்டினபோது பாதிப் பேருக்குப் புரியவில்லை. இப்போது எனக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. எதிரே நோக்குவது. பஸ் ஸ்டாண்டில் வண்டி வருகிற திசையைப் பார்த்து நிற்கிறோமே, அந்த நிற்றல் அதில் இருக்கிறது.

'எல்லாம் சரியாயிடும்' என்று தோளைத் தட்டுகிறோம், அதற்கும் இதற்கும் தூரம் உண்டு. எல்லாம் சரியாகிவிடும் என்பவர் நிலைமையைச் சரியாகப் பார்க்காமலே சொல்லிவிட முடியும். எதிர்நோக்குகிறவர் நிலைமையை முழுசாகப் பார்த்தாக வேண்டும். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் தேவனாம்பட்டினம் கரைக்குப் போய்ப் பாருங்கள். கடலுக்குப் போகவில்லை என்று யாரும் படுத்துத் தூங்குவதில்லை. படகை மேலே இழுத்துக் கட்டியிருப்பார்கள். வலையைப் பிரித்துப் போட்டு, கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு, கிழிந்த கண்ணை ஒவ்வொன்றாகப் பின்னிக்கொண்டிருப்பார்கள். கடல் அடங்கும் என்று தெரியும். எப்போது என்று தெரியாது. 'கூண்டு இறங்கினா போவோம்' என்கிற அந்தப் பேச்சில் சோம்பலும் இல்லை, வீறாப்பும் இல்லை. திருவருகைக் காலத்துக் காத்திருப்பு என்றால் எனக்கு அந்த வலைதான் நினைவுக்கு வரும்.

கிறிஸ்தவர் எதை எதிர்நோக்குகிறார்கள்? கிறிஸ்து ஒரு முறை பெத்லகேமில் வந்தார், கடைசி நாளில் மீண்டும் வருவார். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்து என்ற துறவி இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றைச் சொன்னார்: இன்று, சத்தமில்லாமல், மனிதர் உள்ளத்தில் வருகிற வருகை. டிசம்பர் 16 வரைக்கும் வாசகங்கள் பெரும்பாலும் கடைசி வருகையைப் பேசும். 17 முதல்தான் மரியா, சூசையப்பர், பெத்லகேம் என்று குடில் பக்கம் திரும்பும். முதல் ஞாயிறு நற்செய்தியில் 'விழிப்பாயிருங்கள்' என்று கேட்டு, 'குழந்தை இயேசு எங்கே?' என்று சின்னப் பிள்ளைகள் கேட்பது இதனால்தான்.

இந்தக் காலத்தில் அதிகம் கேட்கிற தீர்க்கதரிசி எசாயா. காரிருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்ற வரி அவருடைய நூலின் 9ஆம் அதிகாரம். கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில் தங்க எழுத்தில் போடுகிறார்கள். அது எழுந்த நேரத்தைப் பார்த்தால் தங்க எழுத்து கூசும். கி.மு. 8ஆம் நூற்றாண்டு. அசீரியப் படை வடக்கே கலிலேயாப் பக்கத்து ஊர்களைப் பிடித்து, சனங்களை நாடு கடத்திக்கொண்டிருந்த காலம். செபுலோன், நப்தலி என்று அடிபட்ட நிலங்களைப் பெயர் சொல்லிவிட்டுத்தான் ஒளியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

சுனாமியைச் சொல்லாமல் இந்தக் கரையில் இதை எழுத முடியாது. 2004. நாலு மெழுகுவத்தியும் எரிந்து தீர்ந்து, கிறிஸ்மஸும் ஆகி, மறுநாள் டிசம்பர் 26 காலை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். நிறையக் குழந்தைகள். ஏன் என்று கேட்டால் திருவருகைக் காலத்தில் அதற்குப் பதில் கிடையாது. பதில் இருக்கிற மாதிரிப் பேசுகிற பிரசங்கத்தைக் கேட்டால் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும். ஆனால் ஒன்று மட்டும் பார்த்திருக்கிறேன். திருச்சபை நாட்காட்டியில் கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது அரசன் கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாள், தாய்மார்களின் அழுகையை வாசிக்கிற நாள். பண்டிகை வாரத்துக்குள்ளேயே ஒப்பாரிக்கு இடம் போட்டுவைத்திருக்கிறார்கள். 'எவ்வளவு காலம், ஆண்டவரே?' என்று திருப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறதே, அதுவும் செபம்தான். அழுகையை நிறுத்தச் சொல்கிற நம்பிக்கை எதிர்நோக்கு ஆகாது.

*மன்னிப்புக்கு மெழுகுவத்தி இல்லை*

எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு. மன்னிப்பு எங்கே? எதிர்வீட்டுப் பெண் இதைக் கேட்கவில்லை. நானேதான் கேட்டுக்கொண்டேன்.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் செக்கரியா என்று ஒரு வயதான குரு வருகிறார். உனக்குப் பிள்ளை பிறக்கும் என்று வானதூதர் சொன்னதை அவர் நம்பவில்லை. நாக்கு கட்டிப்போனது. மனைவி கர்ப்பமாகி, பிள்ளை பிறந்து எட்டாம் நாள் வரைக்கும் அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. சொந்தக்காரர்கள் கூடி அப்பன் பெயரையே வைக்கப் பார்க்கிறார்கள். அவர் பலகை வாங்கி, 'யோவான்' என்று எழுதுகிறார். நாக்கு அவிழ்கிறது. ஒன்பது மாதத்துக்கு மேல் அடைபட்டிருந்த வாயிலிருந்து முதலில் வந்தது ஒரு பாட்டு. குருக்களும் கன்னியரும் தினமும் காலைச் செபத்தில் அதைத்தான் சொல்கிறார்கள். பாட்டின் முடிவில் இரண்டு விஷயம் ஒட்டி வருகிறது: பாவ மன்னிப்பினால் மீட்பு என்கிறார், உடனே, இருளில் இருப்போர்க்கு ஒளி தர விண்ணிலிருந்து விடியல் நம்மைத் தேடி வருகிறது என்கிறார். மன்னிப்பும் விடியலும் ஒரே மூச்சில். சூரியனை நாம் எழுப்புவதில்லை, அது வருகிறது. மன்னிப்பும் முதலில் கடவுள் பக்கமிருந்து வருவது, சம்பாதிப்பது இல்லை. கிறிஸ்தவத்தில் மன்னிப்பைப் பற்றி என்ன பேசினாலும் இங்கேதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது தமிழில்தான் தோன்றும். 'கொஞ்சம் பொறு' என்றால் காத்திரு. 'பொறுத்தருளும்' என்றால் மன்னியும். நாங்கள் சிறுவயதிலிருந்து சொல்கிற கர்த்தர் கற்பித்த செபத்தில், எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்றுதான் வருகிறது. பாரம் தாங்குவதும் பொறுப்பதுதான். காத்திருக்க, மன்னிக்க, சுமக்க, மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். திருவருகைக் காலத்தை விளக்க லத்தீனுக்குப் போனதைவிட இந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருக்கலாம் என்று எனக்குப் பின்னால் தோன்றியது.

புராட்டஸ்டண்டு வேதத்தில் அதே செபம் வேறு மாதிரி: எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும். மத்தேயுவின் கிரேக்க மூலத்திலும் கடன் என்ற சொல்தான். மாமியார் வீட்டில் அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் சீட்டு நோட்டு ஞாபகம் வந்துவிடும்.

நாற்பது பக்க நோட்டு, அட்டையில் தேதி. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அம்மாள் ஏலச் சீட்டு நடத்தினார். மாசம் 2,500 ரூபாய், இருபது மாசம். அம்மா நடுவில் எடுக்கவில்லை, கடைசியில் முழுசாக வரட்டும் என்று விட்டுவைத்தார். பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு மாசத்துக்கும் நேரே 'க' என்று ஒரு எழுத்து. கட்டியாச்சு என்று அர்த்தம். பதினாறு 'க' இருக்கும். பதினேழாம் மாசம் அந்த வீட்டுக் கதவில் பூட்டு. 40,000 ரூபாய். ஆறு மாசம் கழித்து அந்த அம்மாள் திரும்பி வந்தார், பணம் திரும்பி வரவில்லை. பத்துப் பேர் சேர்ந்து புகார் கொடுத்தார்கள், அம்மாவும் கையெழுத்துப் போட்டார்.

அப்போது வீட்டில் நடந்த பேச்சிலிருந்துதான் மன்னிப்பைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இல்லாத சிலது எனக்குப் புரிந்தது. "மன்னிச்சுட்டேன்னு சொல்றியே, அப்ப கையெழுத்தை வாபஸ் வாங்கிடு" என்றார் அண்ணன். அம்மா மறுத்தார். "என் பங்கை நான் விடலாம். மத்த ஒன்பது பேரு காசை விட நான் யாரு?" நான் படித்த எல்லாப் புத்தகத்தையும்விட இது தெளிவு. மன்னிப்பு என்பது நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வது இல்லை. பாவம் என்று பெயர் வைத்தால்தான் மன்னிக்கவே முடியும். தப்பே இல்லை என்றால் மன்னிக்க என்ன இருக்கிறது? கேள்வி கேட்பது வேறு, வஞ்சம் வைத்திருப்பது வேறு. மறுபடியும் அவரிடமே சீட்டுக் கட்ட வேண்டும் என்றும் இல்லை. வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் 'மன்னிச்சு அனுசரிச்சுப் போம்மா' என்று கோயில் வாசலில் நின்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மன்னிப்புக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிற வேலை. முதலில் அவள் பத்திரமான இடத்துக்குப் போகட்டும். மற்றது அவளுக்கும் கடவுளுக்கும் இடையே, அவள் நேரத்தில்.

குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே உண்டு. பொறுப்பது நல்லது, மறப்பது அதைவிட நல்லது என்பார் வள்ளுவர். அம்மாவால் மறக்க முடியவில்லை. நோட்டைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. ஒரு நாள் நான் கேட்டேன், இன்னுமா கோபம் என்று. "பணத்தை என்னிக்கோ தலைமுழுகிட்டேன்டீ. கோபத்தை ஒரேயடியா விட முடியல. மாசாமாசம் தவணையாத்தான் விட்டுக்கிட்டு இருக்கேன்."

எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறையா என்று சீடர் பேதுரு கேட்டதற்கு இயேசு எழுபது தடவை ஏழு முறை என்றார். ஒருவர் நமக்கு 490 தப்பு செய்வார், ஒவ்வொன்றையும் மன்னிக்க வேண்டும் என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரே தப்பை 490 தடவை மன்னிக்க வேண்டியிருக்கும் என்பது அம்மா சொன்ன பிறகுதான் உறைத்தது. காலையில் விட்டது மத்தியானம் மார்க்கெட்டில் அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பி வரும். மறுபடி விட வேண்டும்.

நாலு மெழுகுவத்தியையும் ஒரே ராத்திரியில் ஏற்றாததற்கு இதையும் ஒரு பதிலாக அவளிடம் சொன்னேன்.

கொடுப்பதைப் பற்றியே பேசிவிட்டேன், வாங்குவதும் இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் கத்தோலிக்கக் கோயில்களில் சாயங்கால நேரம் ஒரு வரிசை நிற்கும். பேச்சு இருக்காது, போனை நோண்டுகிறவர்கள் குறைவு, எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாவசங்கீர்த்தனம். இப்போது ஒப்புரவு அருள்சாதனம் என்கிறோம், பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான். முன்கூட்டியே உட்கார்ந்து நாம் செய்ததை யோசிக்க வேண்டும், அதற்காக வருந்த வேண்டும், திருந்த முடிவெடுக்க வேண்டும். பிறகு முழங்காலில் நின்று சாமியாரிடம் சொல்ல வேண்டும். அவர் ஒரு பரிகாரம் சொல்லி, கடவுள் பெயரால் மன்னிப்பு வழங்குவார். கேட்டதை அவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது. புராட்டஸ்டண்டு சபைகளில் முறை வேறு: ஆராதனையில் எல்லோருமாகச் சேர்ந்து கடவுளிடம் அறிக்கையிடுவார்கள். எப்படியானாலும் செய்தவர் பட்டியலில் நம் பெயரும் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற இடம் அது. சீட்டுக் காசை நினைத்துக் கொதிக்கிற நானும் யாரோ ஒருவரின் நோட்டில் கடனாளிதான். என்ன கடன் என்பதை இங்கே எழுதமாட்டேன், அதற்குத்தான் அந்த வரிசை.

இரண்டாம் ஞாயிறு வாசகத்தில் திருமுழுக்கு யோவான் (அந்தச் செக்கரியாவின் பிள்ளைதான்) வந்து, ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்குங்கள், பள்ளங்களை நிரப்புங்கள், கோணலை நேராக்குங்கள் என்று கத்துவார். ஃபெஞ்சலுக்கு அடுத்த ஞாயிறு அந்த வாசகம் வந்தபோது கோயிலில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. கோயிலுக்கு வந்த ரோடு அப்படி. பிரசங்கத்தில் சாமியாரும் சிரித்துவிட்டு, நகராட்சியை விட்டுவிடுவோம், உங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் என்ன பள்ளம் என்று கேட்டார். சிரிப்பு நின்றது.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. 2025இல் முதல் ஞாயிறு சரியாக நவம்பர் 30. சவுக்குக் கிளையை எதிர்வீட்டுப் பெண்ணே எங்கிருந்தோ கொண்டுவந்து கட்டினாள், நூல் கொஞ்சம் தொளதொளவென்று. பூசையில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், இடது பக்கம், அந்தச் சீட்டு அம்மாள். சமாதானம் தெரிவிக்கிற நேரம் வந்தது. எல்லோரும் கைகூப்பி நாலு பக்கமும் திரும்பிக் கும்பிடுவோம். அம்மா வலது பக்கம் கும்பிட்டார், பின்னால் திரும்பிக் கும்பிட்டார். இடது பக்கம் முன்னால், ஒரு நொடி, கொஞ்சம் அவசரமாக. அந்த அம்மாள் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

போன வருஷம் அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.